யாரும் குடியிருக்காத வீடு

டைல்ஸ் கடைக்குப் போனால் ரிஞ்சு தனக்குப் பிடித்ததை முதலில் ஒதுக்கிவிடுவாள். கம்பத்துக் கடைக்காரருக்கு இது பழகிப்போய்விட்டது. கருநீலத்தில் வெள்ளைக் கொடி ஓடிய டைலை அவள் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரலால் ஒருமுறை தடவிவிட்டு, சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது வேண்டாம்ணே. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒருத்திக்கு ரொம்பப் பிடிக்கிறது இன்னொருத்திக்கு ஆகாமல் போகும். யாருக்கும் ஆகாமல் போகாத ஒன்றைத் தேட வேண்டும் என்பதை இரண்டு வீடுகளைப் புதுப்பித்து விற்றதில் அவள் கற்றிருந்தாள். கடைசியில் மணல் நிறத்தில், பளபளப்புக் குறைவாக, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெல்லிய கோடு ஓடும் டைலைத் தேர்ந்தெடுத்தாள். வெளியே வந்ததும் அது எப்படி இருந்தது என்று அவளுக்கே சரியாக ஞாபகம் வரவில்லை. அதுதான் சரி என்று தோன்றியது.

ரிஞ்சு பிறந்து வளர்ந்தது வண்டிப்பெரியாறுக்கு மேலே, எஸ்டேட் லயத்தில். ஒரே கூரைக்கடியில் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. சுண்ணாம்பு அடிப்பது கம்பெனி, அதுவும் அவர்களுக்குத் தோன்றுகிற வருஷத்தில். எந்த நிறம் வேண்டும் என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. டைல்ஸ் பதிக்கும் ஜின்சனைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்த பிறகுதான், ஒரு சுவருக்கு நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. பழைய வீடு ஒன்றை வாங்கிச் சரிசெய்து விற்கலாம் என்று ஜின்சன் முதன்முதலில் சொன்னபோது அவனுக்கே தைரியம் இல்லை. அந்த வீட்டின் சமையலறையை ரிஞ்சுதான் அமைத்தாள். வாங்க வந்த பெண் அங்கே போனவள், ஹாலுக்குத் திரும்பவே மனமில்லாமல் நின்றாள். அன்றிலிருந்து எதைத் தேர்ந்தெடுப்பதென்றாலும் ஜின்சன் அவளிடமே விட்டுவிட்டான்.

இது மூன்றாவது வீடு. குமுளி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, சரிவில் இருந்தது. முன்பு இருந்தவர் அறைக்கொரு நிறம் அடித்திருந்தார். ஒன்று கிளிப்பச்சை, ஒன்று கத்தரிப்பூ, பூஜையறை ரோஜா. தரை சிவப்பு சிமெண்ட், எங்கும் விரிசல். கையில் இருந்ததையெல்லாம் இருவரும் இந்த வீட்டில்தான் போட்டிருந்தார்கள்.

வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது ரிஞ்சுவின் அப்பா ஏசுரத்தினம் லயத்தை விட்டு வர வேண்டியதாயிற்று. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே உடம்பு வளைந்தவர். வேலைக்காலம் முடிந்து போயிருந்தது. வடக்கேயிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு அவர் வீட்டை ஒதுக்கிவிட்டார்கள். மனைவி அன்னமேரி இறந்தபின் அவர் தனியாக இருந்த வீடு அது. ஒரு தகரப் பெட்டியும் மடக்குக் கட்டிலும் போர்வையுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார்.

ரிஞ்சுவும் ஜின்சனும் மகள் டின்சியும் டவுனில் ஒரு கடை மாடியில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அங்கே நான்காவது ஆளுக்குப் படுக்க இடமில்லை.

"வேலை நடக்குற வீட்டுலயே மாமா இருக்கட்டும். வித்த காசுல நமக்குன்னு ஒண்ணு பாத்துக்கலாம்," என்றான் ஜின்சன்.

அப்படித்தான் ஏசுரத்தினம் அந்த வீட்டின் பின்னறைக்கு வந்தார். வந்த நாள் முதல் சும்மா இருக்கவில்லை. பூச்சு காயாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தார், சாக்குகளை உதறினார், வேலையாட்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தார். ஆனால் சுவர்களில் முதல் வெள்ளைப் பூச்சு ஏறியதும் நடையே மாறிப்போனது. அறையின் நடுவாகவே நடப்பார். தோள் உரசிவிடும் என்று கதவருகில் பக்கவாட்டில் திரும்பிப் போவார்.

பின்னறைக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுக்கும்போது ரிஞ்சு நிற அட்டையை அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, இந்த ரூமுக்கு எது நல்லாருக்கும், சொல்லுங்க."

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார், மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார். பிறகு மூடிக் கொடுத்துவிட்டார்.

"வாங்குறவங்களுக்கு எது பிடிக்குமோ அதப் போடு தாயி."

"உங்களுக்கு எது பிடிக்கும்னு கேட்டேன்."

"எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

ரிஞ்சு வெளிர் தந்த நிறத்தையே எல்லா அறைகளுக்கும் அடிக்கச் சொன்னாள்.

ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்தாள். மலையின் ஈரத்துக்கு ஜிப்சம் கூரை ஊறித் தொங்கிவிடும் என்று அதைத் தவிர்த்தாள். மேகம் இறங்கினால் பகலிலேயே இருட்டிவிடும் ஊர் என்பதால், அடுப்படி மேடைக்குக் கறுப்புக் கிரானைட் வேண்டாம் என்று வெளிர் சாம்பல் நிறம் போட்டாள். குளியலறைத் தரைக்குக் கால் வழுக்காத சொரசொரப்பு டைல், சுவருக்கு மேல்வரை வெள்ளை. ஹாலில் ஒரு சுவரை மட்டும் ஆணி அடிக்காமல் வெறுமையாக விட்டாள். வருகிறவர்கள் சிலுவை மாட்டுவார்களோ, முருகன் படம் மாட்டுவார்களோ, அந்த இடம் அவர்களுக்கு. ஜூன் மாத மழை பிடிப்பதற்குள் வேலை முடிந்தது. விளக்கைப் போட்டபோது வீடு ஒரு புதுச் சட்டையைப் போல இருந்தது. ஜின்சன் வாசலில் நின்று, "நம்ம செஞ்சதுலயே இதான் நல்ல வீடு," என்றான்.

வீடு வாங்க ஆட்களைக் கூட்டி வருகிற தரகர் ரிஜின் சுற்றிப் பார்த்தான். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றான். பின்னறைக்கு வந்ததும் மட்டும் கட்டிலைப் பார்த்துத் தயங்கி நின்றான்.

முதலில் வந்தவர்கள் கோட்டயத்துக் கணவனும் மனைவியும். சமையலறையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். பின்கதவைத் திறந்தபோது கொடியில் ஏசுரத்தினத்தின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. பின்னறையில் கட்டிலும், தைல மணமும், ஜன்னலோரம் கஞ்சிக் கிண்ணமும். குடியிருக்கிற ஆள் உண்டா, கிளம்ப மாட்டேன் என்று மல்லுக்கு நிற்பாரா என்று அந்தக் கணவர் கேட்டார். இல்லை என்று ஜின்சன் எவ்வளவோ சொன்னான். பிறகு அவர்கள் போனை எடுக்கவே இல்லை.

"சேச்சி, ஒண்ணு சொல்லுறேன், வருத்தப்படக்கூடாது," என்றான் ரிஜின். "புது வீட்டுல ஆள் வாசனையே இருக்கக்கூடாது. வாறவங்க தங்களத்தான் அங்க நெனச்சுப் பாக்கணும். அப்பாவ அந்த நேரம் மட்டும் எங்கயாவது... ஓணத்துக்குள்ள வித்துத் தாறேன்."

அவன் சொன்னது தவறில்லை. அது ரிஞ்சுவுக்கே தெரிந்த விஷயம்தான். இதே காரணத்துக்காகத்தான் அவள் கருநீல டைலைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஆனால் அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டுமே. அன்று சாயங்காலம் பின்னறை வாசலில் நின்று, "அப்பா, வீடு பாக்க ஆளுங்க வரும்போது..." என்று ஆரம்பித்தாள்.

அவரே முடித்துவிட்டார். "நான் லயத்துப் பக்கம் போயி நாலு பேரப் பாத்துட்டு வாறேன். உள்ளயே இருந்தா எனக்கும் பொழுது போக மாட்டேங்குது."

அதன்பிறகு அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ரிஜின் போன் செய்தால் போதும். அவர் கட்டிலை மடக்கிப் பின்னால் விறகுச் சாய்ப்பில் வைப்பார். பெட்டியின்மேல் தார்ப்பாயைப் போடுவார். தரையைத் துணியால் துடைத்து, துடைத்த ஈரம் காயும்வரை வாசலில் நின்றுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மழையில் மேட்டிலேறி அவர் போவதை ரிஞ்சு ஜன்னலிலிருந்து பார்ப்பாள். பிறகு விளக்குகளைப் போட்டு, ஊதுவத்தி ஏற்றி, வருகிறவர்களுக்காக முகத்தைச் சரிசெய்துகொள்வாள்.

ஒருநாள் குளியலறையைக் கழுவப் போனவள், தரை காய்ந்து கிடப்பதைப் பார்த்தாள். வாளி கவிழ்த்தபடியே இருந்தது. சுவரோரம் டைல் வேலையின் வெள்ளைத் தூசி இன்னும் அப்படியே படிந்திருந்தது.

"அப்பா, நீங்க எங்க குளிக்கிறீங்க?"

"வெளிக் குழாயிலதான்."

"இந்த மழையிலயா? உள்ள சுடுதண்ணி வருதுல்ல?"

"புதுசாக் கெடக்கு. வாங்குறவங்க மொதல்ல குளிக்கட்டுமே."

அவள் கத்தினாள். அவர் சரி சரி என்றார். மறுநாளும் வெளிக் குழாயடியில்தான் துண்டு காய்ந்தது.

ஆடி மழை வலுத்திருந்த ஒரு காலையில், ரிஜின் முன்னதாகச் சொல்லாமல் ஒரு தம்பதியை அழைத்து வந்துவிட்டான். ரிஞ்சுவுக்குப் போன் வந்தபோது அவர்கள் வாசலில் இருந்தார்கள். அவள் டின்சியைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள், அவர்கள் உள்ளே போயிருந்தார்கள்.

வந்த பெண்ணின் பெயர் சிஞ்சு. வெளிநாட்டில் நர்ஸாக இருந்து திரும்பியவள், இதே மலையில் வேறொரு எஸ்டேட்டில் பிறந்தவள். அவளும் கணவனும் பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ரிஞ்சு அவர்களுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டதும் ஏசுரத்தினம் கட்டிலை மட்டும் சாய்ப்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். திரும்பி வந்தவருக்கு வெளியே போகத் தெம்பில்லை. தரையில் அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு அதன்மேல் சுருண்டு படுத்திருந்தார். வெறும் டைலில் படுத்தால் அழுக்காகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ஆட்களைக் கண்டதும் கையை ஊன்றி எழுந்தார். உடம்பு நடுங்கியது. தலைத்துண்டை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நான் இங்க காவலுக்கு இருக்கேம்மா. நீங்க பாருங்க. நல்ல வீடு," என்றார்.

சிஞ்சு அவர் நெற்றியில் கையை வைத்தாள். "ஐயாவுக்குக் கொதிக்குதே. வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

சிஞ்சுவின் கணவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிஜின் ரிஞ்சுவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். ஒன்றும் சொல்ல வேண்டாம், இப்படியே போகட்டும் என்று அர்த்தம். அப்பாவும் அவளைத்தான் பார்த்தார். அவர் பார்வையிலும் அதேதான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"காவக்காரர் இல்லைங்க," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "எங்கப்பா."

சிஞ்சு அவளைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, ஏன் எதற்கு என்று கேட்கவும் இல்லை. "மூச்சு சரியில்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எங்க வண்டியிலயே போகலாம்," என்றாள்.

நெஞ்சில் சளி கட்டி ஜுரமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியும் ஆவியுமாக நாட்கள் போயின. கொஞ்சம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவங்க என்ன சொன்னாங்க? வாங்குறாங்களா?" என்பதுதான்.

"யாருப்பா உங்களக் காவக்காரன்னு சொல்லச் சொன்னது?" ரிஞ்சு அழுகையும் கோபமுமாகக் கேட்டாள்.

"நீ சொல்லல. நானாத்தான் சொன்னேன்." அவர் மூச்சு வாங்கினார். "எஸ்டேட் தொரை லயத்தப் பாக்க வந்தா நாங்க வெளிய எந்திரிச்சு நின்னுருவோம். அந்தப் பழக்கம். வாய் தானா சொல்லிருச்சு."

அவள் வராந்தாவுக்கு வந்தாள். அங்கே பெஞ்சில் ஜின்சன் உட்கார்ந்திருந்தான்.

"நாம அந்த வீட்டுக்குக் குடி போயிரலாங்க. விக்கிற வரைக்கும் எல்லாரும் அங்கதான்."

"குடியிருந்த வீடுன்னு ஆயிரும், ரிஞ்சு. விலை இறங்கும். வித்தே ஆகணும்னும் இருக்கு."

"தெரியும்."

"ரிஜின் குதிப்பான்."

"குதிக்கட்டும்."

மறுநாளே அவன் வாடகை அறையைக் காலி செய்து சாமான்களை வண்டியில் ஏற்றினான்.

ஏசுரத்தினம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கட்டில் பின்னறையில், ஜன்னலோரம் போட்டிருந்தது. சாம்பல் நிற மேடையில் ரிஞ்சு முதன்முறையாகச் சமைத்தாள். எண்ணெய் தெறித்தது. துடைத்தாள், மறுபடி தெறித்தது, அப்புறம் விட்டுவிட்டாள். டின்சி ஹாலில் பாடப்புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு தாத்தாவுக்கு மலையாளப் பாடம் வாசித்துக் காட்டினாள். சுடுதண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஜின்சன் மாமனாருக்குச் சொல்லிக் கொடுத்தான். முதல் நாள் அவர் குளித்துவிட்டு வந்து, சிவந்த முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்து, "என்ன சூடு! தேகமெல்லாம் லேசாயிருச்சு," என்றார்.

வீடு பார்க்க வருவது குறைந்தது. வந்தவர்கள் செருப்புகளையும் கொடித்துணியையும் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். ரிஜின் கோபப்பட்டான், பிறகு வருவதையே நிறுத்திவிட்டான். ஓணம் கடந்தது. இரவில் ஜின்சன் புரண்டு படுப்பது ரிஞ்சுவுக்குத் தெரியும். ஆனால் ஒருநாள்கூட அவன் அவளைக் குறை சொல்லவில்லை.

அப்பாவின் நெஞ்சு முழுதாகச் சரியாகவே இல்லை. ஓணம் கழிந்து ஒரு காலையில், மழைவிட்டு வெயில் எட்டிப் பார்த்திருந்தது. அவர் சாயா குடித்துவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று போனார். டின்சி பள்ளிக்குப் போகுமுன் சொல்லிக்கொள்ளப் போனாள். தாத்தா எழுந்திருக்கவில்லை என்று திரும்பி வந்து சொன்னாள்.

லயத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். மழையில் ஊறிய பாதையில் நடந்து வந்த கால்கள். வாசலில் கழுவத் தண்ணீர் வைத்திருந்தும் கூட்டத்தில் யாராலும் நின்று கழுவ முடியவில்லை. மணல் நிற டைலில் செம்மண் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. எத்தனையோ மாதம் இந்தத் தரைமேல் சாக்கு விரித்துக் காத்தவள் ரிஞ்சு. இப்போது அவள் அதைப் பார்த்துக்கொண்டே சவப்பெட்டியருகில் உட்கார்ந்திருந்தாள். ஜெபம் முடிந்ததும் பெண்கள் சுவரையும் கூரையையும் பார்த்தார்கள்.

அப்பாவோடு கவ்வாத்து வெட்டிய ஞானஜோதி என்ற முதியவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆடி மாசமெல்லாம் மழையில வந்து நிப்பான். வீட்ட விட்டுட்டு ஏண்டா இங்க வாறன்னு கேப்பேன். உள்ளயே இருந்தா ஒடம்பு சொகம் கண்டுக்கும்பான். எம்மக ரூமுக்கு என்ன கலரு வேணும்னு என்னக் கேட்டாடா, உன்ன எவனாச்சும் கேட்டிருக்கானான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ராசா மாதிரி வச்சிருந்திருக்க தாயி. மகராசியா இரு."

ரிஞ்சு வாயைத் திறந்தாள். அப்படி இல்லை பெரியப்பா என்று சொல்ல நினைத்தாள். அப்பா அத்தனை பேரிடமும் சொல்லி வைத்ததைத் தான் பொய்யாக்க முடியாது என்று பட்டது. தலையை மட்டும் அசைத்தாள். அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டதுதான் அன்றைக்கு எல்லாவற்றிலும் பாரமாக இருந்தது.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து ரிஜின் வந்தான். ஓரமாகக் கூப்பிட்டு, "சேச்சி, இங்க நடந்தத யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். சாவு வீடுன்னா வாங்க மாட்டாங்க," என்றான்.

"கேட்டா சொல்லுவேன் ரிஜின்."

"கேக்காட்டி?"

"கேக்காட்டியும் சொல்லுவேன்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனாலும் ஆள் கூட்டி வந்தான். இரண்டு குடும்பம் வந்தது. ரிஞ்சு சொன்னாள். அவர்கள் போய்விட்டார்கள். பிறகு ஒருநாள் சிஞ்சுவே போன் செய்தாள். வேறு வீடுகள் பார்த்ததாகவும், எதுவும் மனதில் நிற்கவில்லை என்றும் சொன்னாள். நேரில் வந்து இறங்கியதும் அவள் முதலில் கேட்டது வீட்டைப் பற்றி அல்ல.

"அப்பா எப்படி இருக்காங்க அக்கா?"

"போயிட்டாரும்மா. அந்த ரூம்லதான்."

சிஞ்சுவின் கணவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் பின்னறைக்குப் போனாள். கட்டில் எடுத்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எதிரே தேயிலைச் சரிவு.

"கஷ்டப்பட்டாங்களா?"

"கடைசியில இல்ல. சாயா குடிச்சுட்டுப் படுத்தாரு."

சிஞ்சு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எங்க அம்மா கீழ வந்து எங்ககூட இருக்க மாட்டேங்கறாங்க. லயத்துல இருந்துதான் சாவேன்னு பிடிவாதம். இந்த ஜன்னலக் காட்டினா ஒருவேளை வருவாங்க," என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "நமக்கு இதுவே போதும்," என்றாள். அவன் ஹாலுக்குப் போய் ஆணி அடிக்காத சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றான்.

பத்திரம் முடிந்தது. ஜின்சன் நினைத்திருந்த விலை கிடைக்கவில்லை. ஆனால் முதலுக்கு மோசமில்லை. வண்டிப்பெரியாறுக்கு அடுத்த பசுமலைப் பக்கம் இரண்டறை வீடு ஒன்றுக்குப் பேசி வைத்தான். விற்பதற்கு அல்ல, தாங்கள் இருப்பதற்கு.

சாவி கொடுப்பதற்கு முந்தைய நாள் ரிஞ்சு வீட்டைக் கழுவினாள். பின்னறையில், கட்டில் கிடந்த இடத்துக்கு மேலே, சுவரில் ஒரு கறை இருந்தது. கடைசி நாட்களில் எழுந்திருக்கும்போதெல்லாம் அவர் கையை ஊன்றிய இடம். எண்ணெயும் தைலமும் சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாகப் பதிந்திருந்தது.

ஜின்சன் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றான். "விட்டுரவா? அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாது."

"இல்ல. வீடு அவங்களது."

பிரஷை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். முதல் பூச்சு காய்ந்தபோது கறை லேசாக மேலே தெரிந்தது. அவள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். வெளியே டின்சி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் எழுந்து இரண்டாவது பூச்சு பூசினாள். ஓரங்கள் தெரியாமல் இழுத்துவிட்டாள். இந்தமுறை சுவர் ஒரே நிறமாக இருந்தது.

டப்பாவை மூடிவிட்டு, கையைக் கழுவ வெளிக் குழாய்க்குப் போகாமல், உள்ளே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சூடாக வரும்வரை விரலை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.